அனுமதி பெறாத சௌகரியம்

ஆரணி கமண்டலநதி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் திலகவதி கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆர்டரில் தற்காலிகப் பணி என்றுதான் போட்டிருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் நிரந்தர மேனேஜர்கள் நாலு பேர் வந்து போனார்கள், நிரந்தரமாகப் போட்ட கூரை இரண்டு முறை ஒழுகியது. தற்காலிகமாக வந்தவள் மட்டும் அதே நாற்காலியில் அப்படியே இருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, நாலாம் தேதி, அவள் கம்ப்யூட்டரைப் போட்டபோது வழக்கமான திரை வரவில்லை. நீலத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே, ‘உங்களுக்காக ஒரு புதிய அனுபவம் தயாராகிறது’ என்று எழுதியிருந்தது. அவள் எந்த அனுபவத்தையும் கேட்கவில்லை. ஆனாலும் அது டீ வரும் வரைக்கும் தயாரானது.

தயாராகி வந்த திரையில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. இடது மூலையில் இருந்த படங்களெல்லாம் கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நடுவில் வந்து நெருக்கியடித்து நின்றன. வலது மூலையில் ‘ஆரணி, நல்ல வெயில்’ என்று ஒரு செய்தி. ஜன்னலுக்கு வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு இருந்த பட்டை, மூன்று விரல் கனத்துக்கு ஊதியிருந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் கடைப் பலகை எழுத்து மாதிரி பெருத்திருந்தன.

இதையெல்லாம் திலகவதி பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். நெசவாளர் நலக் காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்கிற புரோகிராம் எப்போதோ ரிட்டயரான ஒருவர் எழுதியது. அந்தக் காலத்துத் திரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி எழுதியிருந்தார். அதில் பேர், தறி நம்பர், ஆதார், போட்டோ எல்லாம் போட்ட பிறகு, ஆகக் கடைசியில், திரையின் அடிவிளிம்பில் ‘பதிவு செய்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். புதுப் பட்டை சரியாக அந்தப் பொத்தான் மேல் உட்கார்ந்திருந்தது. மேலே இழுத்துப் பார்த்தாள். ஆணி அடித்த மாதிரி அசையவில்லை.

அன்றைக்கு வரிசையில் முதல் ஆள் கந்தசாமி. பதினாறு வயசில் தறியில் உட்கார்ந்தவர், இப்போது அறுபத்தொன்று. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் அவருக்குத் தெரிவதில்லை. அவர் மனைவி ராஜம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு’ என்று விரலைப் பிடித்து வைத்துக் காட்ட, அவர் முடிச்சுப் போடுவார். ஒரு சேலைக்கு ஆகிற நாளில் பாதி சேலைதான் ஆனது. வேலூர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அட்டையைப் புதுப்பிக்க இருபதாம் தேதி கடைசி.

“இன்னாம்மா, சர்வர் டவுனா?” என்று கேட்டார். சங்கத்துக்கு வந்து போகிற எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரியும்.

“சர்வர் நல்லாத்தான் இருக்குது மாமா. பட்டனைத்தான் காணோம்.”

கூட வந்திருந்த ராஜம்மாள் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

மாவட்டத் தலைநகரில் திரைச் சீர்மை மையம் என்று ஒரு ஆபீஸ் இருந்தது. மாவட்டத்தில் உள்ள எல்லாச் சங்கத்துக் கம்ப்யூட்டர்களும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. வேலை செய்ய வேண்டும் என்பது அதன் பொறுப்பில் வராது. அங்கே உதவி எண்ணில் கிரண் என்று ஒருவர் எடுத்தார். முதலில் புதிய தோற்றம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவள் பொத்தான் கதையைச் சொன்னாள். அதற்கு இணையதளத்தில் டிக்கெட் போட வேண்டும் என்றார். அவள் அப்போதே போட்டாள். பிரச்சினையை விளக்கமாக எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், அந்தப் படிவத்தின் ‘அனுப்பு’ பொத்தானும் பட்டைக்கு அடியில்தான் இருந்தது. அதையும் சொன்னாள். கிரண் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, அது வேறு வகைப் பிரச்சினை என்பதால் அதற்குத் தனி டிக்கெட் போட வேண்டும் என்றார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திலகவதி போனில் தேடினாள். எங்கோ வடக்கே ஒருத்தர் இந்தியில் பேசிக்கொண்டே இதைச் சரிசெய்கிற வீடியோ கிடைத்தது. பாஷை புரியவில்லை, அம்புக்குறி புரிந்தது. அமைப்புகள் என்ற கதவைத் திறந்து, அதற்குள் இன்னொரு கதவு, அதற்குள் இன்னொன்று என்று போனாள். எழுத்தின் அளவை நூற்றைம்பதிலிருந்து நூறாகக் குறைத்தாள். பட்டை தேவையில்லாதபோது தானே ஒளிந்துகொள்ளட்டும் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். கடைசியாக, கம்ப்யூட்டரின் அடிவயிறு மாதிரியான ஒரு இடத்துக்குப் போய், இஞ்சினில் கை விடுகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீடியோவில் காட்டிய ஒரு வரியை எழுத்து எழுத்தாக அடித்தாள். அணைத்துப் போட்டாள்.

பட்டை கீழே இறங்கி மறைந்தது. பொத்தான் எழுந்து வந்தது. முதல் பதிவு கந்தசாமியுடையது. ரசீது பிரிண்டரில் வந்தபோது ராஜம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமைக்குள் நாற்பத்தேழு பேருக்குப் பதிவு முடிந்தது. சந்தவாசல் சங்கத்தில் வேலை பார்க்கும் அமலா போன் பண்ணி, காலையிலிருந்து அழுதுகினு இருக்கேன் அக்கா என்றாள். அவளுக்காகத் திலகவதி செய்ததையெல்லாம் ஒன்பது படியாக, காலண்டர் தாளின் பின்பக்கம், தமிழில் எழுதி அனுப்பினாள். அடுத்து தேசூரிலிருந்து கேட்டார்கள். மேனேஜர் பன்னீர்செல்வம் நல்ல மனுஷர். நல்ல எண்ணத்தோடுதான் அந்தக் காலண்டர் தாளைப் போட்டோ எடுத்து, ‘நமது சங்கத்தின் சாதனை’ என்று தலைப்பும் போட்டு, மாவட்ட வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதில் திரைச் சீர்மை மையத்தின் இணை இயக்குநரும் இருந்தார்.

திங்கட்கிழமை மெமோ வந்தது.

‘தாங்கள் மையத்தின் முன் அனுமதியின்றி அரசுத் திரையின் தோற்றத்தை மாற்றி, அதன் வாயிலாக அனுமதி பெறாத சௌகரியம் ஒன்றை அடைந்ததோடு நில்லாமல், மேற்படி சௌகரியத்தைப் பிற சங்கங்களுக்கும் பரப்பியுள்ளது தெரியவருகிறது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’

பன்னீர்செல்வம் இரண்டு முறை படித்தார். “சௌகரியம்னு எதைம்மா சொல்றாங்க?” என்று கேட்டார்.

“பட்டன் தெரியறதை சார்.”

அவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

புதன்கிழமை இணை இயக்குநர் தனசேகரனே ஆய்வுக்கு வந்தார். கூட மூன்று பேர். ஒருவர் புரொஜெக்டர் தூக்க, ஒருவர் போட்டோ எடுக்க, ஒருவர் அவர் சொல்வதை எழுத. கூட்ட அறையில் நெசவாளர்களை உட்கார வைத்தார்கள். அட்டைக்கு ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து எல்லோரும் வந்திருந்தார்கள்.

“மறைஞ்சிருக்கிறது வேற, இல்லாம இருக்கிறது வேற,” என்று தனசேகரன் ஆரம்பித்தார். “பொத்தான் இருக்குது. எங்க ரெக்கார்டுல இருக்குது. உங்க கண்ணுக்குத் தெரியலங்கிறதுக்காக மையம் பொறுப்பேற்க முடியாது. மாற்றம் வரும்போது முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். நான் இந்தப் புதுத் திரைக்கு ஒரே நாள்ல பழகிட்டேன். எப்படின்னு கேளுங்க. நான் கம்ப்யூட்டரைத் தொடறதே இல்ல. அசிஸ்டென்ட் பிரிண்ட் எடுத்துத் தருவாரு, கையெழுத்துப் போடுவேன். மனசு இருந்தா எதுவும் சுலபம்.”

கந்தசாமி எழுந்து, பட்டன் தெரிந்தால்தானே சார் அந்தம்மா அழுத்தும் என்று கேட்டார். தனசேகரன் அவரை அன்போடு பார்த்தார்.

“பெரியவரே, உங்களுக்குத்தான் கண்ணே சரியில்லையே. அது தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?”

எழுதுகிறவர், ‘பயனாளியின் ஐயம் தெளிவுபடுத்தப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். ‘மாற்றத்தை மாற்ற மாட்டேன், மாற்றுபவர்க்குத் துணை போக மாட்டேன்’ என்று பன்னீர்செல்வம் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். திலகவதியும் சொன்னாள். பதினோரு வருஷத்துத் தற்காலிகப் பணிக்கு மார்கழியில் புதுப்பிப்பு வரவேண்டியிருந்தது. புரொஜெக்டர் தூக்கி வந்தவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ அழுத்தினார். பட்டை எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால், ‘இவற்றை உங்கள் நிறுவனம் கவனித்துக்கொள்கிறது’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. ஒரு கட்டத்திலும் டிக் போட முடியவில்லை.

கிளம்பும் முன் தனசேகரன் இன்னொன்று சொன்னார். விதிமீறிய திரையில் செய்த நாற்பத்தேழு பதிவுகளும் செல்லாது.

திலகவதி வாசல்வரை பின்னாலேயே போனாள். “சார், பேரு, நம்பர், போட்டோ எல்லாம் சரியாத்தானே இருக்குது?”

“தகவல் சரிம்மா. திரை தப்பு.”

அன்று சாயங்காலம் அவள் வேறு காரியம் எதுவும் செய்யவில்லை. நாற்பத்தேழு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லவேண்டியிருந்தது. முப்பத்தொன்பது பேர் திட்டினார்கள். கந்தசாமி வீட்டில் ராஜம்மாள்தான் எடுத்தாள். சரிம்மா என்று வைத்துவிட்டாள். திட்டியவர்களைவிட அதுதான் திலகவதியை உறுத்தியது.

அந்த உறுத்தலில்தான் வழி கிடைத்தது என்று சொல்ல வேண்டும். திரையை மாற்றக் கூடாது என்றுதானே உத்தரவு. விசைப்பலகையில் யாரும் கை வைக்கவில்லை. டேப் விசையை ஒரு முறை தட்டினால் புரோகிராம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும். அப்படித் தட்டிக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாத பொத்தானிலும் ஓர் இடத்தில் போய் நிற்கத்தானே வேண்டும்? வியாழக்கிழமை காலை கந்தசாமியை வரச்சொன்னாள். எத்தனையாவது தட்டு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகத் தட்டி, நடுவே தவறி ‘அழி’ பொத்தானில் விழுந்து, போட்டதெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து அடித்தாள். கந்தசாமி கண்ணை மூடிக்கொண்டு தட்டும் சத்தத்தை வாய்விட்டு எண்ணினார். இழை எண்ணிய வாய், பிசகவில்லை.

பத்தொன்பதாவது தட்டில் நின்று என்டர் அடித்தபோது ரசீது வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பேருக்கு மறுபடி பதிவு செய்தாள். திரையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. இந்தத் தடவை அவள் யாருக்கும் எழுதி அனுப்பவில்லை, அமலாவிடம் மட்டும் வாயால் சொன்னாள். அமலா நேர்மையான பெண். போன தடவை அக்காவுக்கு மெமோ வந்ததே என்ற பயத்தில், டேப் விசையைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று உதவி எண்ணுக்கே போன் பண்ணிக் கேட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டபோது இன்னொரு புதிய அனுபவம் தயாராகியிருந்தது. பத்தொன்பது தட்டி என்டர் அடித்ததும் ஒரு கேள்வி வந்து நின்றது. ‘இந்தப் பொத்தானைத் தாங்கள் கண்ணால் பார்த்துத்தான் அழுத்தினீர்களா?’ இல்லை என்றால் பதிவு நிராகரிக்கப்படும். ஆம் என்றால், பொத்தான் தெரியும் திரையின் படத்தை இணைக்க வேண்டும். கூடவே ஒரு சுற்றறிக்கை. பார்க்காமல் அழுத்துவது அழுத்துவதாகுமா என்பதை ஆராய ஐவர் கமிட்டி அமைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை நாற்பத்தொரு பதிவுகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன.

செவ்வாய்க்கிழமை திலகவதி லீவு போட்டுவிட்டு, கந்தசாமியை அழைத்துக்கொண்டு தனசேகரனைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறினாள். போளூர் தாண்டும்வரை அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப் பேரைக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு, உனக்கு இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு, வேலை போயிடப் போவுது என்றார். போனால் போகட்டும் மாமா என்றாள். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

தனசேகரன் அறையில் ஏசி ஓடியது. மேஜைமேல் பெரிய கம்ப்யூட்டர். போன மாசம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு திரையின் நட்டநடுவில் காய்ந்திருந்தது. அவர் இருவரையும் உட்காரச் சொல்லி டீயும் வரவழைத்தார். இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவர் எதுவும் செய்யமாட்டார் என்று திலகவதிக்கு டீ ஆறுவதற்குள் புரிந்துவிட்டது.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லம்மா,” என்றார். “பொத்தான் தெரியணும்தான். ஆனா தெரிய வைக்கணும்னா, இப்ப தெரியலன்னு நான் எழுதணும். தெரியலன்னு எழுதினா, இந்த மாற்றத்தை ஏன் ஏத்துக்கிட்டீங்கன்னு மேல கேப்பாங்க. மேல யாரு கொண்டாந்ததுன்னு நான் கேட்டா, கம்பெனி கொண்டாந்ததும்பாங்க. கம்பெனியைக் கேட்டா, பயன்படுத்துறவங்க விரும்பிக் கேட்டாங்க, அதான் செஞ்சோம்னு சொல்லுது. அப்ப சுத்திச் சுத்தி உங்ககிட்டத்தானே வந்து நிக்குது?”

“நான் கேக்கல சார்.”

“தனிப்பட்ட முறையில நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. மொத்தமா கேட்டிருப்பீங்க.”

கந்தசாமி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். சார் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பேசினார். “இருவத்தாறாம் தேதி எனக்கு ஆபரேஷன் சார். நாளையோட அட்டை முடியுது.”

“கமிட்டி இருபத்தொன்பதாம் தேதி உக்காருது. மூணு நாள்தானே வித்தியாசம்? டாக்டரைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கச் சொல்லுங்க. மாற்றத்துக்கு எல்லாரும் ஒத்துழைக்கணும் பெரியவரே.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. திலகவதி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூட நின்ற கந்தசாமிக்கு அது தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

இருபதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குக் காப்பீட்டுப் புரோகிராம் தானே மூடிக்கொண்டது. அந்த ஒரு காரியத்துக்கு எந்தப் பொத்தானும் தேவைப்படவில்லை. இருபத்தாறாம் தேதி வேலூரில் கந்தசாமியின் இடத்தில் வேறு யாருக்கோ ஆபரேஷன் நடந்தது. இருபத்தொன்பதாம் தேதி கமிட்டி உட்கார்ந்தது. பார்த்து அழுத்துவதே அழுத்துதல், ஆகவே நாற்பத்தொரு பதிவுகளும் செல்லாது என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் மறுத்தார். ஐந்தாமவர் வரவில்லை. அவருக்கு அனுப்பிய அழைப்பில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் தெரியவில்லையாம்.

திலகவதியின் மெமோ ‘கடுமையாக எச்சரிக்கப்படுகிறார்’ என்று முடிந்தது. பணியும் ஆறு மாசத்துக்குத் தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டது. அந்த உத்தரவு கைக்கு வந்த அன்று அவள் கந்தசாமி வீட்டுக்குப் போனாள். அவருக்கு நெய்யக் கொடுத்திருந்த பாவு நூலை, அதைக் கொடுத்த முதலாளி திரும்ப எடுத்து வேறு தறிக்குக் கொடுத்துவிட்டார். தறி வெறுமனே நின்றது. அதன் பக்கத்தில் கந்தசாமி தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரருக்காக ராட்டையில், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அதற்கு விரல் போதும். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிவதாகச் சொன்னார். ராஜம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கந்தசாமிதான் பேச்சை எடுத்தார்.

“அந்தப் பட்டன் இன்னா கலரும்மா?”

“பச்சை, மாமா.”

“பச்சையா?” ராட்டை கொஞ்ச நேரம் நின்றது. “நான் செவப்புன்னே நெனச்சிகினு இருந்தேன்.”

மார்கழி நடுவில் ஒரு நாள் சங்கத்தில் கூட்டம் அதிகம். பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கு அன்று கடைசி நாள். பெண்கள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நின்றார்கள். திலகவதி கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை முழுக்க ஒரு கேள்வி வந்தது. ‘புதிய தோற்றம் உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ பதில்கள் ஐந்து என்று எழுதியிருந்தது. ‘மிகவும் திருப்தி’ என்பது தெரிந்தது. மற்ற நான்கும் பட்டைக்கு அடியில் இருந்தன. டேப் தட்டினாள். அது எங்கேயும் நகரவில்லை. மூடவும் வழியில்லை, தள்ளிப்போடவும் வழியில்லை. பதில் சொல்லாமல் வேறு எதுவும் திறக்காது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பன்னீர்செல்வம் பார்த்துவிட்டு, வாசலில் நிற்கிற கூட்டத்தையும் பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார்.

பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் முதலில் நின்ற பெண், ஜல்தி பாரும்மா, பஸ்ஸு போயிடும் என்றாள்.

திலகவதி அழுத்தினாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மாவட்டத்தின் எல்லாச் சங்கங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. பயனாளிகளில் நூற்றுக்கு நூறு பேர் மிகவும் திருப்தி தெரிவித்திருப்பதாகவும், அவர்களது பெருவிருப்பத்தை ஏற்று அடுத்த மாதம் முதல் பட்டையை மேலும் ஒரு விரல் அகலமாக்குவதாகவும் அதில் கண்டிருந்தது. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஆபரேட்டர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் திலகவதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.